நாலு மணிப் பாராயணம்

உக்காரும்மா சிந்துஜா. தெருமுனையில வண்டி நிக்கிறது எனக்கும் தெரியும். கோயமுத்தூரு டிரைவரு டீ குடிச்சிட்டு உக்காந்திருப்பாரு, எங்கயும் ஓடிற மாட்டாரு. என் நாத்தனா கலாவதி உன்கிட்ட என்ன சொல்லியிருக்கான்னும் தெரியும். "பிசியோதெரபி பொண்ணு சரின்னு சொன்னா எங்கண்ணன இன்னைக்கே தூக்கிட்டு வந்துருங்க, இல்லைன்னா அங்கயே இருக்கட்டும்." அப்படித்தானே? ஆக, என் புருஷன் இந்த வீட்டுல இருக்கிறதும் போறதும் இப்ப உன் வாயில இருக்கு.

மூணு மாசமா வந்து அவரு கையக் கால மடக்கி நீட்டி விட்டுட்டுப் போற. நல்ல பிள்ளைதான் நீ. ஆனா கலாவதிகிட்ட போன்ல என்ன சொல்லியிருக்க? "நாலு மணிக்கு மேல அவருக்கு பிரஷர் ஏறுது, படுக்கை நனையுது, அந்த நேரத்துல ஆன்ட்டி என்னமோ படிக்கிறாங்க"ன்னு. என்னமோ படிக்கிறேனா? அதுலதான் எனக்குக் கோவம். என்ன படிக்கிறேன்னு என்கிட்டயே கேட்டிருக்கலாம்ல.

பேய்க்கதை படிக்கிறேன்.

முப்பது வருஷமாப் படிக்கிறேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஜெயபால் அண்ணாச்சி வாடகை நூலகம் வச்சிருக்காரு, அங்க போயி என் பேரைச் சொல்லிக் கேளு. குணவதி அம்மா தேறாதுன்னு சொல்லிட்டா அந்தப் புத்தகத்தை அவரு அடுத்த ஆளுக்குச் சிபாரிசு பண்ண மாட்டாரு. படிச்சதுக்கு அடையாளமா பதினேழாம் பக்கத்து மூலையில ஒரு சின்னப் புள்ளி வைப்பேன். வைக்கலைன்னா, அட்டையை மாத்திப் பேரை மாத்தி அதே கதையை மறுபடி நம்ம தலையில கட்டிருவானுங்க. அந்தக் கடையில பேய், பிசாசு, ரத்தக் காட்டேரி, வெள்ளைக்காரன் கதையத் தமிழ்ல போட்டது, எதை எடுத்தாலும் என் புள்ளி இருக்கும்.

அம்புட்டும் படிச்சுட்டுச் சொல்றேன், முக்காவாசி குப்பை. எழுதுறவனுக்குப் பயம்னா என்னன்னே தெரியல. பேய் வருதுன்னா நாய் ஊளையிடுதாம். ஜன்னல் படபடன்னு அடிச்சுக்குதாம். கொலுசுச் சத்தம் கேக்குதாம். ஏன்டா, வர்றவ தண்டோரா போட்டுட்டா வருவா? நெசமாப் பயம் வர்றப்ப ஊரே சத்தமில்லாம இருக்கும்மா. சாயங்காலம் அஞ்சரை மணி. வாசல்ல சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடுவாரு. ஷூவைக் கழட்டுவாரு. அப்புறம் கழுத்துல கெடக்குற விசிலைக் கழட்டி ஆணியில மாட்டணும். டிரில் மாஸ்டரு இல்லையா, விசில் எப்பவும் கழுத்துலதான் கெடக்கும். ஆணியில அது இடிக்கிற சத்தம் கேட்டுச்சுன்னா அன்னைக்கு அடி இல்ல. கேக்கலைன்னா விசில் இன்னும் கழுத்துலதான் இருக்குன்னு அர்த்தம். நான் அடுப்படியில கரண்டியும் கையுமா அந்த ஒரு சத்தத்துக்காக நின்னுக்கிட்டே இருப்பேன். இருபத்தேழு வருஷம் நின்னேன். இதை எவனாச்சும் எழுதியிருக்கானா? நானும் தேடிப் பாத்துட்டேன், இல்ல.

அப்புறம் இந்த ரத்தம். "ரத்தம் ஆறாய் ஓடியது"ன்னு எழுதாதவனே கெடையாது. எங்கயிருந்து ஓடுச்சு? அதைச் சொல்ல மாட்டான். மண்டை உடைஞ்சா ஓடும், ஒத்துக்கிறேன். மண்டைத் தோல் அப்படித்தான், சின்னக் காயத்துக்கே சேலை நனைஞ்சு போயிரும். மூக்குல அடிபட்டா மொதல்ல ஒழுகும், அப்புறம் கட்டி கட்டியா விழும். உதடு கிழிஞ்சா வெளிய வர்றதவிட உள்ள முழுங்குறதுதான் ஜாஸ்தி. பேர் பெத்த எழுத்தாளரு ஒருத்தரு, "மல்லாண்டி பங்களா"ன்னு நானூறு பக்கம் எழுதினாரு. அதுல கதாநாயகி, கொலையான தங்கச்சியோட ரவிக்கையக் கொதிக்கிற வெந்நீர்ல அலசுறா, கறை போயிருது. அதோட மூடி வச்சுட்டேன். வெந்நீர்ல போட்டா ரத்தக்கறை போகுமா? துணியோட ஒட்டிக்கிட்டு ஜென்மத்துக்கும் போகாது. பச்சத் தண்ணியில உப்புப் போட்டு ஊற வைக்கணும். அவரு வீட்டுல ஒரு பொம்பளைகிட்டக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பா.

கத்துறதையும் கேளு. அடி விழுந்த உடனே கதாநாயகி "வீல்" என்று அலறினாள். எங்க அலறுவா? பக்கத்துல கோமதியக்கா வீடு, இந்தப் பக்கம் தபால்காரரு வீடு, நடுவுல ஒத்தைச் செங்கல் செவரு. அலறினா நாளைக்குக் கொழாயடியில எப்படி மூஞ்சியக் காட்டுறது? முந்தானையச் சுருட்டி வாயில வச்சுக் கடிச்சுக்குவேன். அவருக்கும் அதுதான் பிடிக்கும். ஒரு தடவை என்னையும் அறியாம "அம்மா"ன்னு சத்தம் வந்துருச்சு. விசிலை ஊதினாரு. வீட்டுக்குள்ள, என் காதுக்குப் பக்கத்துல வச்சு. "ஸ்கூல் கிரவுண்டுல நானூறு பயக இருந்தாலும் என் சத்தம்தான்டி கேக்கணும்"னு சொல்லிட்டு செவுள்ல ஒண்ணு விட்டாரு. எனக்கு இந்த எடது காது கேக்காதுன்னு உனக்குத் தெரியுமா? நீ எப்பவும் வலது பக்கமா உக்காருறியேன்னு பாத்தேன். சரி, தற்செயலா இருக்கும்.

பிள்ளைப் பேய்க்கதைன்னு ஒரு வகை இருக்கு. செத்துப்போன பச்சப்பிள்ளை தொட்டிலுக்குள்ள அழுவுது, தவழ்ந்து வந்து ஆத்தா காலைப் பிடிக்குது. எல்லாருக்கும் அதைப் படிச்சா நடுங்குமாம். எனக்கு நடுங்கினதே இல்ல. எனக்கு அஞ்சாம் மாசம், கல்யாணமாகி ரெண்டாவது வருஷம். ரசத்துல உப்புக் கூடிப்போச்சுன்னு எத்தினாரு, அம்மிக் கல்லுல போயி விழுந்தேன். பையன்னு சொன்னாங்க. அவன் எப்பவாச்சும் வருவான்னு நான் எத்தனை நாளு பகல்ல வீட்டைப் பூட்டிக்கிட்டுக் காத்துக் கெடந்திருக்கேன் தெரியுமா? தவழ்ந்து வரட்டும், காலைப் பிடிக்கட்டும், வாயெல்லாம் ரத்தமாக்கூட வரட்டும். வரவே இல்லம்மா. அதனாலதான் அந்த வகைக் கதை எழுதுறவனக் கண்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

காபி ஆறுது பாரு, குடி.

ஒரே ஒருத்தன்தான் எழுதத் தெரிஞ்சவன். இரவாளன்னு புனைபேரு. மொத்தமே ஆறு புத்தகம். அதுல "கறுப்பு வெந்நீர்"னு ஒண்ணு. ஒரு நாட்டு வைத்தியரு, ஊரே கையெடுத்துக் கும்பிடும், வீட்டுக்குள்ள பொண்டாட்டிய அடிச்சே கொன்னுடுறான். நீ என்ன நெனைப்ப, அவ பேயா வந்து குரல்வளையக் கடிப்பான்னுதானே? அதுதான் கெடையாது. மறுநாள் மத்தியானம் வந்து அவனுக்குச் சோறு போடுவா. அம்புட்டுதான். பல்லைக் காட்ட மாட்டா, தலைய விரிச்சுப் போட மாட்டா. "இன்னும் கொஞ்சம் வைக்கவா?"ன்னு கேப்பா. தினம் வருவா. தினம் கேப்பா. அவன் வேண்டாம்னு சொல்லச் சொல்ல வைப்பா. முந்நூறு பக்கம் இதுதான் கதை. படிச்சு முடிச்ச கையோட மறுபடி மொதப் பக்கத்தத் திருப்பிட்டேன். எம்புட்டு அன்பா இருந்துக்கிட்டு ஒருத்தி எம்புட்டு வன்மம் வச்சிருக்கா பாருன்னு தோணுச்சு. மனுஷ மனசு அப்படியெல்லாம் போகுமான்னு இன்னைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

அது மொதல்ல வாரப் பத்திரிகையில தொடராத்தான் வந்துச்சு. வாராவாரம் கிழிச்சுச் சேத்து வச்சேன். நூத்திப்பதினெட்டு வாரம். அந்தப் பக்கமெல்லாம் சேத்து, அட்டை போட்டு, முதுகுல துணி ஒட்டி பைண்டு பண்ணினேன். துணி என் கல்யாணச் சேலையில கிழிச்சது. அது மாதிரி எட்டுத் தொகுதி வச்சிருந்தேன், அரிசிப் பீப்பாய்க்குப் பின்னாடி. ஒரு லீவு நாளு அவரு பாத்துட்டாரு.

அவரு புத்தகத்துக்கு விரோதியில்லம்மா, அதையும் சொல்லணும். நான் படிக்கிறதுதான் ஆகாது. "நான் பேசும்போது உன் கண்ணு எங்கயோ இருக்குதே, இதுலதானா?"ன்னு கேட்டாரு. கொல்லையில என்னை ஒத்தைக் கால்ல நிக்க வச்சாரு. ரெண்டு கையையும் மேல தூக்கி, தொகுதியத் தலைக்கு மேல பிடிக்கணும். அவரு விசில் ஊதினா ஒண்ணை இறக்கிக் குடுக்கணும், அவரு அதை வெந்நீர் அடுப்புல போடுவாரு. கால் தரையில பட்டா முழங்காலுக்குக் கீழ கர்லாக் கட்டையால ஒண்ணு. பசங்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக் குடுக்குற கட்டை, அதுல ரெண்டு வீட்டுல வச்சிருந்தாரு. எட்டாவதக் குடுக்க மாட்டேன்னு நெஞ்சோட அணைச்சுக்கிட்டேன். அன்னைக்கு உடைஞ்சதுதான் இந்தக் காறை எலும்பு. தொட்டுப் பாரு, மேடு தட்டும். ஆஸ்பத்திரியில பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொன்னேன். நர்ஸம்மா எழுதிக்கிட்டே, "உங்க பாத்ரூம் ரொம்ப வழுக்குதும்மா, இது நாலாவது தடவை"ன்னாங்க.

அதுக்கப்புறம்தான் எனக்குப் புத்தி வந்துச்சு. கதைப் புத்தகத்துக்குப் பிரவுன் தாள் அட்டை போட்டேன். நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி, நடுவுல குங்குமம் வச்சு, சாமி அலமாரியில பாராயணப் புத்தகத்தோட சேத்து அடுக்கிட்டேன். அவரு குளிக்காம சாமி அலமாரியத் தொட மாட்டாரு. குளிச்சாலும் கும்பிட்டுட்டு வெளிய போயிருவாரு. பதினோரு வருஷம் பேயெல்லாம் சாமிக்குப் பக்கத்துல குடியிருந்துச்சு. மத்தியானம் நான் சம்மணம் போட்டு உக்காந்து வாயை முணுமுணுன்னு அசைச்சு வாசிப்பேன். கோமதியக்கா ஜன்னல் வழியா எட்டிப் பாத்துட்டு, "குணவதி பாராயணத்துல இருக்கா, அப்புறம் வருவோம்"னு சத்தமில்லாமப் போயிருவா.

இந்த வருஷம் வைகாசி விசாகம் ஞாயித்துக்கிழமை வந்துச்சா. அவரு தலைக்குக் குளிச்சிட்டு விபூதி பூசிட்டு, இன்னைக்கு நானே பாராயணம் பண்றேன்னு கை நீட்டி ஒரு புத்தகத்தை எடுத்தாரு. அத்தனையில அவரு கைக்கு வந்தது "பதினோராம் நம்பர் கொட்டகை". சாமிக்கு முன்னாடி நின்னு கணீர்னு ஆரம்பிச்சாரு. "கொட்டகையின் கதவைத் திறந்தபோது, கொப்பரைக்குள் மணப்பெண்ணின் தலை மட்டும் மிதந்தது." ரெண்டாவது வரி வரைக்கும் ராகமாத்தான் போனாரு. அப்புறம் நிறுத்தினாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு, என்ன பண்ண, அடக்க முடியல. இருபத்தேழு வருஷத்துல அவரு முன்னாடி நான் சிரிச்சது அன்னைக்குத்தான்.

விசிலை ஊதிட்டுக் கட்டையை எடுத்தாரு. மொத அடி முதுகுல. ரெண்டாவது முழங்கையில. மூணாவதுக்குத் தூக்கின கை மேலயே நின்னுருச்சு. புது மாதிரி எங்கயோ அடிக்கப் போறாருன்னு நெனச்சு நான் கண்ணை மூடிக்கிட்டேன். ரொம்ப நேரமா விழலையேன்னு தொறந்து பாத்தா, வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு இருக்கு. கட்டை அவரு பாதத்துமேலயே விழுந்துச்சு. ஆளும் சரிஞ்சு கிரைண்டர்ல இடிச்சுக் கீழ விழுந்துட்டாரு.

நான் செவத்துல சாஞ்சு உக்காந்தேன். முழங்கை வலி உசுரு போகுது. புத்தகம் பக்கத்துல விரிஞ்சு கெடந்துச்சு. அதுல எனக்கு இன்னும் நாலு பக்கம் பாக்கி. அந்தத் தலை யாரோடதுங்கிறது அந்த நாலு பக்கத்துலதான் இருக்கு. சரின்னு எடுத்துப் படிச்சேன். முடிவு எனக்கு மொதத் தடவையில பிடிபடல, மறுபடி ஆரம்பத்துல இருந்து ஒரு நோட்டம் விட்டேன். அப்புறம் எந்திரிச்சு மூஞ்சியக் கழுவிட்டுக் கோமதியக்காவக் கூப்பிட்டேன். டாக்டரு, "எப்பம்மா விழுந்தாரு?"ன்னு கேட்டாரு. "இப்பத்தான் சார்"னேன். அவரு கையப் பிடிச்சுப் பாத்துட்டு, "ரெண்டு மணி நேரம் முன்னாடி வந்திருந்தாக் கை காலைக் காப்பாத்தியிருக்கலாம், இனிமே இப்படித்தான்"னு சொல்லிட்டாரு.

ஏம்மா அப்படிப் பாக்குற? பாதியில மூடி வைக்கிறது எனக்கு என்னைக்குமே வராது. படிக்கிற பழக்கம் இருந்தா உனக்கும் புரியும்.

அதே டாக்டருதான் சொன்னாரு. "அவருக்குக் காது கேக்கும், புத்தி தெளிவா இருக்கு, வாயும் கையும்தான் வராது. தினமும் பேசுங்க, ஏதாவது படிச்சுக் காட்டுங்க, மூளை வேலை செய்யணும்"னு. அதைத்தான் நான் செய்யுறேன். எனக்குத் தெரிஞ்சதைத்தானே படிக்க முடியும்? நாலு மணிக்கு மூஞ்சி தொடைச்சு, விபூதி வச்சு, தலையணைய நிமித்திப் போட்டு, தலைமாட்டுல உக்காருவேன். விசிலை என் கழுத்துல போட்டுக்குவேன். தூங்கிட்டாருன்னா ஒரு ஊது. அவருக்குப் பழகின சத்தம், டக்குனு முழிச்சுக்குவாரு.

கூத்து என்னன்னா, தெருவே இதைப் பாராயணம்னு நெனச்சுக்கிட்டு இருக்கு. அட்டையில குங்குமம், என் வாயில ராகம், பின்ன எப்படி நெனைப்பாங்க? கோமதியக்கா தினம் நாலு மணிக்கு வெளிய ஜன்னலடியில வந்து கையக் கூப்பி உக்காந்துக்கிறா. ஒரு நாளு சத்தம் கொஞ்சம் ஏறிப்போச்சு. "கயிறு இறுகியது, அவனுடைய நாக்கு வெளியே தள்ளியது"ன்னு படிச்சேன். வெளியிலருந்து அக்கா, "ஆமா ஆமா, அரக்கன வதம் பண்ற கட்டம்"னு கன்னத்துல போட்டுக்கிறா. தபால்காரரு சம்சாரம் பூ குடுத்து விடுறா. மருமகளுக்குப் பிரசவ நேரம், அவ பேரையும் சொல்லி ஒரு அத்தியாயம் படிங்கன்னு கேட்டா. படிச்சேன். சுகப்பிரசவம். தொட்டில்ல போடுறதுக்கு என்னைத்தான் கூப்பிட்டாங்க.

நீ சொல்றியே, அவரு வேண்டாம் வேண்டாம்னு சொல்றாருன்னு. நீ சொல்லிக் குடுத்துத்தான் அந்த நாலஞ்சு வார்த்தையே அவருக்கு வருது, நல்லா இருப்ப. ஆனா எப்பச் சொல்றாருன்னு கவனிச்சியா? கதையில அந்தப் பொண்ணு கதவத் தொறக்கப் போறா, உள்ள என்ன இருக்குன்னு நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அப்பத்தான் இவரு "வேண்டாம்… வேண்டாம்…"ங்கிறாரு. அவளப் பாத்துச் சொல்றாரும்மா. கண்ணுல தண்ணி வழியுது. ஒரு பொம்பளைக்காக அவரு கண் கலங்கி நான் பாத்ததே கெடையாது, கதை கேக்க ஆரம்பிச்சப்புறம்தான் மனுஷனாகியிருக்காரு. படுக்கை நனையுறதுக்கு என்ன பண்ண? ஒன்றிப் போயிக் கேட்டா நனையத்தான் செய்யும். நான்தானே அலசுறேன், உன்னையா அலசச் சொன்னேன்?

அவரு கழுத்துல இருக்கிற அந்தச் செவப்பைத்தான் இப்பக் கேக்கப் போற. தெரியும். நேத்து படிச்சது அந்த இடம். காட்டேரி வந்து கழுத்தப் பிடிக்குது, ஒவ்வொரு விரலா அழுத்துது. கைய மடியில வச்சுக்கிட்டு அதை எப்படிப் படிக்கிறது? லேசாத்தான் வச்சேன். மூச்சு கொஞ்சம் மாறுச்சு, எடுத்துட்டேன். எனக்கு இந்த மாதிரி எத்தனை தடவை செவந்திருக்கு, நான் பிசியோதெரபிக்கு ஆளா வச்சேன்?

சொல்றேன், ஒளிக்கல. ஒரு சமயம் அவரு கண்ணு அப்படியே விரியும். அடுத்து என்ன வருமோன்னு என் வாயையே பாக்கும். அப்ப எனக்கு இங்க, நெஞ்சுக்குள்ள, குளுகுளுன்னு இருக்கும்மா. சந்தோஷமா இருக்கும். நான் பக்கத்தைத் திருப்பாம ஒரு நிமிஷம் சும்மா உக்காந்திருப்பேன். அது தப்பா? நான் அவரு மேல ஒரு அடி அடிச்சேன்னு யாராச்சும் சொல்லட்டும். வேளாவேளைக்குச் சோறு ஊட்டுறேன், பீ மூத்திரம் அள்ளுறேன், முதுகுல ஒரு புண்ணு வரவிட்டதில்ல. அவரு மாதிரி நான் இல்ல. கலாவதி கூட்டிட்டுப் போயி என்ன செய்வா? டி.வி.யப் போட்டு விட்டுட்டு வேலைக்குப் போயிருவா. இன்னைக்குத்தான் மறுபடி "கறுப்பு வெந்நீர்" ஆரம்பிக்கலாம்னு எடுத்து வச்சிருக்கேன், அண்ணாச்சி எங்கயோ ஒரு பழைய பதிப்பு தேடிப் பிடிச்சுக் குடுத்தாரு. இந்த நேரத்துல அவரை எடுத்துட்டுப் போனா எனக்கு யாரு இருக்கா? நான் யாருக்குப் படிக்க? அவரு போயிட்டா இந்த வீட்டுல எனக்கு ஒண்ணுமே இல்ல சிந்துஜா. வெக்கத்தை விட்டுச் சொல்றேன்.

சரி, எந்திரி. நீயும் நானும் பேசி என்ன ஆகப்போகுது, போகப்போறது அவரு. உள்ள வா, அவரையே கேட்டுருவோம்.

இப்படி வா, அவருக்கு உன் மூஞ்சி தெரியுற மாதிரி நில்லு. நான் தலைமாட்டுல நின்னுக்கிறேன். தோள்ல கைய வச்சுக்கிறேன், அவருக்கும் ஒரு தைரியமா இருக்கும். ஏங்க, இங்க பாருங்க, சிந்துஜா வந்திருக்கு. ஒண்ணு கேக்குதாம், மனசுல உள்ளதச் சொல்லுங்க. கேளும்மா. கோயமுத்தூரு போறீங்களா, இல்ல இங்கயே இருக்கீங்களான்னு கேளு. அவசரப்படாத, அவருக்கு வாய் வர நேரமாகும்.

கேட்டியா? என்ன சொன்னாரு? "இங்க… நல்லா… இருக்கேன்." தெளிவாச் சொன்னாருல்ல?

இரு. ஒரு நிமிஷம் இரு.

இந்தக் கொரலை எனக்குத் தெரியும்மா. தோள்ல இருந்து கைய எடுக்கணும்னு நெனைக்கிறேன், எடுக்க வர மாட்டேங்குது. பாரு, கீழ இவரு தோளு எப்படி நடுங்குதுன்னு.

வயித்துப் பிள்ளை போன மாசம், எங்கப்பா ராஜபாளையத்துலருந்து பஸ் ஏறி வந்தாரு. யாரோ காதுல போட்டிருக்காங்க. நீ நிக்கிற இடத்துலதான் நின்னாரு. "வாசல்ல வண்டி சொல்லி வச்சிருக்கேன், வந்துர்றியாம்மா?"ன்னு கேட்டாரு. இவரு எனக்குப் பின்னாடி நின்னு என் தோள்ல கைய வச்சிருந்தாரு. எனக்கும் அன்னைக்கு வாய் வீங்கித்தான் இருந்துச்சு, வார்த்தை இழுத்து இழுத்துத்தான் வந்துச்சு. "இங்க நல்லா இருக்கேன்ப்பா"ன்னு சொன்னேன். அப்பா என்னைப் பாத்தாரு, இவரைப் பாத்தாரு. குடுத்த காபியக் குடிச்சாரு. நான் சொன்னதை நம்பிக்கிட்டு வண்டியத் திருப்பி அனுப்பிட்டாரு.

நீயும் நம்பிக்கிட்டுப் போம்மா.